கொழும்புக்குக் கப்பல் ஏற இருந்த சேவல்

ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பஸ்ஸுக்கு நின்றால், அது வரும் திசையில் நாலு எட்டு நடந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன் (நான் பார்த்தால் சீக்கிரம் வந்துவிடுமாம்). அடுப்பில் பால் வைத்தால் பத்துத் தடவை போய்ப் பார்ப்பேன். பதினோராவது தடவை பார்க்க மறந்திருப்பேன், அப்போதுதான் பொங்கும். "இவளுக்கு உள்ளங்காலுல நெருப்ப வச்சுல்லா அனுப்பிருக்கான் ஆண்டவன்" என்பாள் அம்மா.

இப்படிப்பட்ட ஒருத்தி, படம் வரைந்து இணையத்தில் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத நாலு பேர் அதைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்திருக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒரு கப்பலே கவிழப் பார்க்கும். நான் பெரிதுபடுத்தவில்லை. கவிழும் என்று அந்தக் கப்பலில் சரக்கேற்றுவதைக் கவனிக்கும் சீஃப் ஆபீசரே எழுத்துமூலம் தெரிவித்தார்.

நான் வரைந்தது பிக்சல் ஆர்ட். பழைய வீடியோ கேம்களில் பொம்மைகள் கட்டம் கட்டமாக இருக்குமே, அந்த வகைப் படம். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம். பதினாறுக்குப் பதினாறு என்றால் மொத்தம் இருநூற்றைம்பத்தாறு கட்டம். அதற்குள் ஒரு உயிரைக் கொண்டுவந்துவிட வேண்டும். தூரிகை பிடிக்கத் தெரியாதவர்களும் இதில் கலைஞராகிவிடலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு நானும் ஆகிவிட்டேன். ஒரே வாரத்தில் ஆகிவிட்டேன்.

இப்படி வரைகிறவர்கள் படங்களைப் போட்டு, ஒருவர் படத்தை இன்னொருவர் பிரித்து மேயும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் முதலில் எங்கள் ஊர் உப்பளத்தைப் போட்டேன். உப்புக் குவியல் வெள்ளை, வெயில் வெள்ளை, வானமும் கிட்டத்தட்ட வெள்ளை. "படம் திறக்கவில்லை, மறுபடி ஏற்றுங்கள்" என்று ஒருவர் எழுதினார். அடுத்ததாகத் துறைமுகத்துக் கிரேன். "ஒட்டகச்சிவிங்கி அருமை" என்று ஒரு பாராட்டு வந்தது. நன்றி என்று பதில் போட்டேன் (வருகிற பாராட்டை எதற்கு வீணாக்க?).

இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து வரைந்தேன் என்பதில்தான் வினையே இருக்கிறது. அப்போது நான் துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு சின்னக் கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். பயிற்சிக் காலம். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு சொல்வார்கள். வீட்டுக்கு அனுப்பினால் அப்பாவின் கருப்பட்டிக் கடை. அங்கே காலை எட்டு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் எழ முடியும். பன்னிரண்டு மணி நேரம், ஒரே ஸ்டூல்! அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். ஆபீசிலோ டெர்மினலுக்கு ஓடு, கஸ்டம்ஸுக்கு ஓடு, கப்பலுக்கு ஓடு என்று நாள் முழுக்க ஓட்டம். என்னைப்போல ஒரு பிறவிக்காகவே ஏற்பட்ட வேலை. அதை விட்டுவிடக் கூடாது என்று நான் வேண்டாத சாமியில்லை.

ஆபீசில் கப்பல் திட்டம் என்று ஒன்று போடுவார்கள். கப்பலை வாழைத்தண்டு நறுக்குவதுபோல் குறுக்கே நறுக்கினால், ஒவ்வொரு துண்டிலும் கன்டெய்னர் பெட்டிகள் அடுக்கடுக்காகத் தெரியும் அல்லவா? அதை எக்செல்லில் கட்டம் கட்டமாகப் போடுவது. ஒரு கட்டம் ஒரு பெட்டி. நீலம் என்றால் கொழும்பில் இறங்கும் சரக்கு, சிவப்பு என்றால் ஆபத்தான சரக்கு, மஞ்சள் என்றால் குளிர்பெட்டி, பச்சை என்றால் காலிப் பெட்டி. எந்தப் பெட்டி எதன் மேல் என்று இதைப் பார்த்துத்தான் டெர்மினலில் கப்பலுக்கு ஏற்றுவார்கள். இந்தத் திட்டத்தைப் போடுகிறவர் எங்கள் மேனேஜர் லிங்கதுரை அண்ணாச்சி. அப்பாவிடம் கருப்பட்டி வாங்கும் பழக்கத்தில் எனக்கு வேலை கொடுத்தவர். கோபக்காரர்.

சதுரக் கட்டம் தயார், நாலு நிறம் தயார். நான் சும்மா இருப்பேனா? திட்டத்தின் வெற்றுத்தாளை நகல் எடுத்து, அதிலேயே படம் வரைய ஆரம்பித்தேன். யாராவது பின்னால் வந்து நின்றால்கூட வேலை செய்கிறேன் என்றுதான் தோன்றும்.

அப்படிப் பிறந்ததுதான் சேவல். முத்தையாபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டுச் சேவல்தான் மாடல். கொண்டை சிவப்பு, கண் மஞ்சள், வால் பச்சை. உடம்பு மட்டும் நீலம் (என்னிடம் இருந்த நிறம் அதுதான்). பெருமை தாங்காமல் இணையத்தில் ஏற்றிவிட்டு, ரெண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து திறந்து பார்த்தேன். டீ குடிக்கும்போது பார்த்தேன். கஸ்டம்ஸ் வரிசையில் நின்று பார்த்தேன். பஸ்ஸில் அடுத்தவர் தோளில் இடித்துக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் வந்தது ஒரே ஒரு கருத்து. எழுதியவர் பெயர் ‘கிரேபிரிக்’, சாம்பல்நிறச் செங்கல் என்று அர்த்தம். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. மனசு மட்டும் செங்கல் என்று தெரிந்தது. "கால் இரண்டு கட்டம். அதன் மேல் அத்தனை பெரிய உடம்பு. இந்தப் பறவை எப்படி நிற்கிறது? வால் காற்றில் தொங்குகிறது. கனத்தைக் கீழே கொண்டு வா" என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "எங்கள் ஊர் நாட்டுச்சேவலுக்குக் கால் மெலிசாகத்தான் இருக்கும். நீங்கள் பிராய்லர் கோழியை மட்டுமே பார்த்தவர் போலும்" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். எழுதிவிட்டுக் கொண்டையில் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி மறுபடி ஏற்றினேன். "கால்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. கழுத்தில் இரண்டு கட்டத்தை மாற்றி ஏற்றினேன். "கால்" என்றார் மறுபடியும். காலை மட்டும் தொட மாட்டேன் என்று எனக்கும் ஒரு வீம்பு. இப்படியே மூன்று வாரம் போயிற்று.

முடிவு சொல்லும் வெள்ளிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமைக்கு வருகிறேன். காலையில் கொழும்புக் கப்பல் வந்து நின்றுவிட்டது. இரண்டு மணிக்கு ஏற்றத் தொடங்க வேண்டும். அண்ணாச்சி திட்டத்தைப் போட்டு முடித்த பிறகு, கடைசி நேரத்தில் ஒரு காலிப் பெட்டி வந்து சேர்ந்தது. திட்டிக்கொண்டே அதைச் சேர்த்து, திருத்திய திட்டத்துக்கு ‘பைனல் 2’ என்று பெயர் வைத்தார். என் சேவலுக்கும், யாரும் சந்தேகப்படாமல் இருக்கட்டும் என்று, நான் வைத்திருந்த பெயர் ‘பைனல் 2’.

"ஏளா கனி, பைனல் ரெண்ட எல்லாருக்கும் அனுப்பிட்டியா?"

"அனுப்புதேன் அண்ணாச்சி."

ஒரு கையில் போன், இன்னொரு கையில் மவுஸ். புதிதாக வாலில் ஒரு இறகை மாற்றியிருந்தேன். அதையும் ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்குள் பதில் வந்துவிடும் என்று மனசு பறந்தது. திட்டத்தை மெயிலில் கோத்து கப்பல், டெர்மினல், கொழும்பு ஆபீஸ், சென்னைத் தலைமை ஆபீஸ் என்று பதினோரு பேருக்கு அனுப்பினேன். சேவலைப் படமாக மாற்றி இணையத்தில் ஏற்றினேன். இரண்டையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. எதை எங்கே அனுப்பினேன் என்று திறந்து பார்க்கத்தான் பொறுமை இல்லை.

கால் மணி நேரத்தில் சீஃப் ஆபீசரின் மெயில் வந்தது. அண்ணாச்சி தன் மேஜையில் அதைப் படிக்க, நான் என் மேஜையில் படித்தேன். அவர் பரம மரியாதையான மனிதர்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் திட்டத்தைப் பார்வையிட்டேன். இரண்டே பெட்டிகளின் மேல் அறுபத்துமூன்று பெட்டிகள் நிற்கின்றன. இப்படி ஏற்றினால் கட்டிய கயிற்றை அவிழ்க்குமுன்பே கப்பல் கவிழும். இடப்பக்கம் உள்ள பதினோரு காலிப் பெட்டிகளுக்குக் கீழே எதுவும் இல்லை. அவை காற்றில் தொங்குகின்றன. அவற்றுள் நான்கு, கப்பலுக்கு வெளியே கடலுக்கு மேல் தொங்குகின்றன. ஆபத்தான சரக்கை உச்சியில் வரிசையாக வைத்ததன் நோக்கம் விளங்கவில்லை. நடுவில் தனியாக இருக்கும் ஒரு குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க என் ஆட்களால் அங்கே ஏற முடியாது. கடைசியாக ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இத்திட்டம் கோழியைப் போலத் தெரிகிறது. இது வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பதைத் தயவுசெய்து உறுதிசெய்யவும்."

இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ‘கோழியா? சேவல்!’ என்பதுதான். அப்படி ஒரு புத்தி. அதற்கப்புறம்தான், எதை எங்கே அனுப்பியிருக்கிறேன் என்பது உறைத்தது.

"ஏளா! இங்கன வா!"

போனேன். திரை முழுக்க என் சேவல் நின்றுகொண்டிருந்தது (நின்றது என்று சொல்ல முடியாது, அதுதானே பிரச்சினை).

"இது என்னதுளா?"

"சேவல் அண்ணாச்சி."

"எங்கன போவுது?"

"கொழும்புக்கு."

அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் திடீரென்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். அண்ணாச்சி தன்னிடம் இருந்த சரியான திட்டத்தை அவரே பதினோரு பேருக்கும் அனுப்பினார். டெர்மினலுக்கு போன் போட்டார், கப்பலுக்குப் போட்டார், சென்னைக்குப் போட்டு எழுந்து நின்றபடியே பேசினார். எல்லாம் முடிந்ததும் நாலாவதாக ஒரு போன்.

"ஓய், உம்ம மவள வந்து கூட்டிட்டுப் போவும். ஒண்ணும் ஆவல, அவ நல்லாத்தான் இருக்கா. அவளால எனக்குத்தான் நல்லால்ல."

மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டி, "அப்பா வாரவரைக்கும் அசையப்படாது" என்றார். அசையாமல் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைகூட வேண்டாம், புதன்கிழமையே முடிந்தது கதை. கண்ணை மூடினால் கருப்பட்டி மணமும் அந்த ஸ்டூலும்தான். ஒரு கோட்டிக்காரச் சேவலுக்காக வேலையைத் தொலைத்தேனே என்று நெஞ்சு எரிந்தது.

அந்த நேரத்தில் என் போன் மணி அடித்தது. இன்னொரு தடவை. இன்னும் மூன்று தடவை. அதுவரை ஒரு நாளைக்கு ஒரு கருத்து வந்தாலே அதிசயம். இப்போது நிற்காமல் அடிக்கிறது.

"என்னளா அங்கன கிணிகிணின்னு?"

திறந்து பார்த்தேன். இணையத்தில் இருந்தது சேவல் அல்ல. அண்ணாச்சியின் கப்பல் திட்டம். சேவல் கப்பலுக்குப் போனால் திட்டம் வேறெங்கே போயிருக்கும்? வேலை போவது உறுதியான பிறகு மறைத்து என்ன பயன் என்று சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, உங்க பிளான் இன்டர்நெட்ல கெடக்கு. நாந்தான் தெரியாம போட்டுட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. "அழிளா! மொதல்ல அழி, செத்த மூதி!"

அழித்தேன். படம் போய்விட்டது, கீழே எழுதியிருந்த கருத்துகள் மட்டும் என் போன் அறிவிப்புகளில் அப்படியே இருந்தன. அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "எவனும் பாத்தானா?"

"நெறைய பேரு பாத்திருக்காவ."

"என்ன சொல்லுதான்?"

படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். "கடைசியில் உனக்கு நிதானம் வந்துவிட்டது" என்று ஒருவர். "கோட்டையா, கட்டடமா தெரியவில்லை. எதுவானாலும் புயலுக்கும் அசையாது" என்று இன்னொருவர். பிறகு செங்கல்: "இதைத்தான் மூன்று வாரமாகக் கேட்டேன். கனம் கீழே, லேசானது மேலே. ஒவ்வொரு கட்டமும் தனக்குக் கீழே உள்ளதை நம்பி நிற்கிறது. நீ போட்டதிலேயே நல்ல படம் இதுதான்."

அண்ணாச்சி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "அந்தக் கடைசி ஆள் சொன்னத இன்னொரு மட்டம் படி."

படித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருவத்திரெண்டு வருசமா பிளான் போடுதேன்ளா. கப்பக்காரன் கொற சொல்லுவான், டெர்மினல்காரன் கொற சொல்லுவான், மெட்ராஸ்காரன் கேக்கவே வேண்டாம். ஒரு பய, ஒரே ஒரு பய, நல்லாருக்குன்னு சொன்னதில்ல" என்றார். எனக்கு என் கஷ்டம் ஒரு நிமிடம் மறந்துபோனது.

அப்போதுதான் அப்பா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். "கூட்டிட்டுப் போவச் சொன்னீரே?"

"செத்த இரும் ஓய், இன்னும் ஏழு பேரு பாக்கி இருக்கான்" என்றார் அண்ணாச்சி, திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்பா ஒன்றும் புரியாமல் அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏழில் ஆறாவது ஆள் கொஞ்சம் வில்லங்கம். "எல்லாம் சரி. மேலே வலது ஓரத்தில் ஒற்றையாக ஒரு பச்சைக் கட்டம் இருக்கிறதே, அது ஒட்டவில்லை. உள்ளே தள்ளலாம்" என்று எழுதியிருந்தார்.

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "யாருளா அவன்? அது கடைசி நேரத்துல வந்த காலிப் பொட்டிலா? இவனுக்கு என்ன தெரியும்? கப்பலக் கண்ணால பாத்திருப்பானா? எழுது, நாஞ் சொல்லுதத அப்படியே எழுது!"

நான் எழுதவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மூக்கு விடைப்பு, அதே ‘இவனுக்கு என்ன தெரியும்’. மூன்று வாரமாக நான் இப்படித்தானே ஆடிக்கொண்டிருந்தேன் என்று பட்டதும் எனக்குக் கூசிப்போயிற்று. ஆனால் அடுத்து அவர் செய்ததை நான் ஒரு நாளும் செய்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே திட்டத்தைத் திரையில் திறந்தார். அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். போனை எடுத்தார்.

"டெர்மினலா? அந்தக் கடைசி எம்ப்டிய வெளி ஓரத்துல வைக்க வேண்டாம். காத்து அடிக்கும். ரெண்டு வரிசை உள்ள தள்ளிருங்க." போனை வைத்துவிட்டு என்னிடம், "சவம், சரியாத்தான் சொல்லிருக்கான்" என்றார்.

கப்பல் அரை மணி நேரம் தாமதமாக ஏற்றத் தொடங்கியது. நல்லபடியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தது. சென்னையிலிருந்து எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது; அதை இன்னும் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நிரந்தரமும் ஆனேன். நம்ப முடியாமல், "ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அந்தச் செங்கலுக்கு இங்கிலீசுல பதில் எழுத ஆள் வேணும்லா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஆபீஸ் திட்டத்தை வெளியில் காட்டக் கூடாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் உலகத்தில் இல்லாத கப்பல்களுக்குத் திட்டம் போட்டு இன்றுவரை எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். நான் ஏற்றுகிறேன். ஏற்றிய அஞ்சாவது நிமிடம், "எவனும் எதும் சொன்னானா?" என்று போன் வரும்.

செங்கலிடம், அந்தப் படம் என்னுடையது இல்லை என்ற உண்மையை எழுதினேன். "பரவாயில்லை. கால்" என்று பதில் வந்தது. இந்தத் தடவை கோபம் வரவில்லை. வீட்டில், என் சொந்தப் போனில், சேவலை முதலிலிருந்து வரைந்தேன். காலைத் தடிப்பாக்கி, விரலை விரித்து, அப்பா கடைக் கருப்பட்டிப் பெட்டி மேல் ஏற்றி நிறுத்தினேன். வாலை இறக்கிப் பெட்டியின் விளிம்பில் தொட வைத்தேன். செங்கல் பார்த்துவிட்டு, "இனி கண்ணைக் கவனி" என்றார். கண்ணைக் கவனித்தேன்.

அதே சீஃப் ஆபீசர் மறுபடி கப்பலில் வந்தபோது, மன்னிப்புக் கேட்டு, புதுச் சேவலையும் இணைத்து, இந்த முறை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டு ஒரு மெயில் அனுப்பினேன். நாள் முழுக்க நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் பதில் வந்தது. "பரிசீலித்தேன். நிற்கும். ஏற்றலாம்." துறைமுக வாசலில் லாரிகளுக்கு நடுவில் நின்று, சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன். லாரிக்கார அண்ணாச்சி ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சொல் நிலைத்துவிட்டது. யாராவது கதை அளந்தால், "வாலு காத்துல தொங்குது" என்பார் அப்பா. சாம்பார் ருசி பார்த்து உப்பு சரியாக இருந்தால், "ஏத்தலாம்" என்பாள் அம்மா. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது பரவி, கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்கிறது.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்சு நடந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கொண்டுவர, ஃபேனைக் கூட்ட, ஃபேனைக் குறைக்க என்று நான் எட்டுத் தடவை எழுந்தேன். மாப்பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அது செய்வேன், இது செய்வேன் என்று அளக்கவுமில்லை. கடைசியில் அவர் அம்மா, "பொண்ணு என்ன சொல்லுதா?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டார் மொத்தப் பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஏத்தலாம்" என்றேன்.

அப்பா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த காபி வேட்டியில் கொட்டிவிட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் யாருக்கும் தெரியவில்லை. மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார்கள். கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்த லிங்கதுரை அண்ணாச்சி, முழுக் கதையையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.